நாற்பத்தெட்டாவது ரிப்பன்

மூச்சு விடலாமா கூடாதா என்பதே கோமதிநாயகத்துக்குச் சந்தேகமாகிவிட்டது. விட்டால் காற்று போய் மேஜையில் படும், மேஜை அசையும், மேஜை அசைந்தால் ஊசி அசையும், ஊசி அசைந்தால் ஏழு வருஷம் போச்சு. விடாமல் பிடித்து வைத்தால் ஒன்றரை நிமிஷத்தில் தலை சுற்றி அதே மேஜை மேலேயே விழ வேண்டியிருக்கும், அது அதைவிடக் கேவலம். ஆகவே மூக்கு வழியாக, தவணை முறையில், கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். இடது மணிக்கட்டில் ஒரு பட்டை, பட்டையிலிருந்து சுருள் சுருளாக ஒரு ஒயர், ஒயரின் மறுமுனை சுவரில் எர்த்துக்குள். உடம்பில் சேர்கிற மின்சாரம் பூமிக்குப் போய்விட வேண்டும், ரிப்பன் மேல் பாய்ந்துவிடக் கூடாது, அதற்குத்தான் இந்தக் கட்டு. கன்றுக்குட்டி மாதிரி ஸ்டூலில் கட்டுண்டு கிடந்தான் மனுஷன். எதிரே கம்ப்யூட்டர் திரையில், ஓடுகிற மின்சாரத்தின் அளவு பத்து விநாடிக்கு ஒரு புள்ளியாக விழுந்துகொண்டிருந்தது. மைனஸ் அறுபது வோல்ட்டில் ஆரம்பித்து, அரை அரை வோல்ட்டாக ஏறி, பிளஸ் அறுபதில் முடியும். மொத்தம் நாற்பது நிமிஷம். இப்போது மைனஸ் முப்பது. பத்து நிமிஷம் போயிருக்கிறது, இன்னும் முப்பது பாக்கி. மூக்கு நுனியில் ஒரு அரிப்பு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது, அதைச் சொறியவும் தைரியமில்லை.

மின்சாரம் பாய்ச்சுகிற அந்த ஊசிகளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டால், பார்க்கிறவனுக்கு ஒன்றுமே இல்லை. விரல் நகத்தில் பாதி அளவு ஒரு சிலிக்கன் சில்லு, அதன்மேல் கரி. பென்சில் கரியேதான், ஆனால் ஒற்றை அணு கனத்துக்கு ஒரு ஏடு. அதற்குத்தான் கிராஃபீன் என்று பெயர். அந்த ஏட்டைத் தாமிரத் தகட்டில் உலையில் வளர்த்து, தாமிரத்தைக் கரைத்துவிட்டு, தண்ணீரில் மிதக்கிற ஏட்டைச் சில்லால் ஏந்தி எடுத்து, காயவைத்து, ரிப்பன் ரிப்பனாக வெட்டியிருந்தான். ஒரு ரிப்பனின் அகலம், ஒரு தலைமுடியை ஐயாயிரமாகப் பிளந்தால் அதில் ஒரு கீற்று. எதற்கு இத்தனை ஒல்லி? அகலமான கிராஃபீனில் ஓடுகிற மின்சாரத்தை நிறுத்த முடியாது. வாஷர் போன குழாய் மாதிரி, வோல்ட்டை எவ்வளவு திருகினாலும் ஒழுகும். ஒல்லியாக வெட்டினால் குழாய் மூடும், மின்சாரம் அணையும். எவ்வளவு ஒல்லி என்பதைப் பொறுத்து எவ்வளவு இறுக்கமாக மூடும் என்பதையும் நாமே வைத்துக்கொள்ளலாம். இதைத்தான் அவன் மாமனாருக்குத் தலைதீபாவளி அன்று விளக்கினான். அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். “எத்தனை ஆம்பியர் மாப்ளே?” என்றார். ஒரு ஆம்பியரை நூறு கோடியாகப் பிரித்தால் வருகிறதே, அதில் நாலைந்து என்றான். அவர் அதிரசத்தை மென்று முடித்துவிட்டு, “இதுல கொசுவுக்குக் கூட ஷாக் அடிக்காதே” என்றார். மாமியார் அதற்கு மேலே. “தலைக்குக் கட்டுத ரிப்பனைக் கடைக்காரன் அரை நிமிசத்துல வெட்டிக் குடுக்கான், இவுகளுக்கு என்ன வருசக்கணக்கா?” உலகம்மாள் மட்டும்தான், பாவம், புருஷனை விட்டுக்கொடுக்க மாட்டாள். தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறவள். தினம் இவன் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, “இன்னைக்கு அணைஞ்சுதா?” என்று கேட்பாள், அடுப்பை விசாரிக்கிற மாதிரி. இவன், “அணையலை, செத்துப்போச்சு” என்பான். “சரி, கால் கழுவிட்டு வாங்க” என்பாள். மைனஸ் பத்தொன்பது.

செத்துப்போவது என்றால் நிஜமாகவே சாவுதான். இந்தச் சில்லில் மொத்தம் நாற்பத்தெட்டு ரிப்பன். ஊசியை வைப்பான், கோடு அழகாகப் போகும், திடீரென்று நெட்டுக்குத்தாக ஒரு விழுகை, பிறகு பூஜ்யம். ரிப்பன் எரிந்துவிட்டது என்று அர்த்தம். நாலாவது ரிப்பனுக்குக் கார்த்திகை மாசத்து ஈரக்காற்றைக் காரணம் சொன்னான். பதினொன்றுக்கு ஏசி. பத்தொன்பதுக்குப் பைபாஸில் போன செங்கல் லாரி. இருபத்தாறு செத்தபோது அவன் போட்டிருந்தது பாலியஸ்டர் சட்டை, அன்றே அந்தச் சட்டையை வீட்டில் தரை துடைக்கக் கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகும் செத்துக்கொண்டே இருந்தன. காரணம் தீர்ந்துபோனது, சாவு தீரவில்லை. இப்படியே நாற்பத்தேழு. மிச்சம் ஒன்றே ஒன்று, இதோ ஊசிக்குக் கீழே. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு இந்தப் பிப்ரவரியோடு சரி, இன்னும் ஒன்பது நாள். புதுச் சில்லு செய்ய ஆறு வாரம் ஆகும். ஆக இந்த ஒரு ரிப்பன் அணைந்தால் முனைவர் கோமதிநாயகம். இல்லாவிட்டால் மார்ச் ஒன்றாம் தேதியிலிருந்து மாமனாரின் சிநேகிதர் வைத்திருக்கும் இன்வெர்ட்டர் கடையில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான். கடைக்காரர் நல்ல மனுஷன். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கெட்ட மனுஷனாக இருந்தால் மாட்டேன் என்று சொல்லிவிடலாம்.

சந்தன வாசனை வந்தது. வேண்டாம், அதை நினைக்காதே, மைனஸ் எட்டு, கோட்டைப் பார். ஆனால் நினைக்காதே என்றால் மனசு கேட்கிறதா? ஆயுத பூஜையன்று லேப் அட்டெண்டர் சுடலைமுத்து அண்ணன் கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்து உலைக்கு ஒரு பொட்டு, பம்புக்கு ஒரு பொட்டு, தராசுக்கு ஒன்று, தீயணைக்கிற சிலிண்டருக்குக் கூட ஒன்று என்று வரிசையாக வைத்துக்கொண்டே வந்தார். இந்த ஊசி மேஜைக்கு முன்னால் கோமதிநாயகம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். “இதுக்கு மட்டும் வேண்டாம்ணே.” பின்னே? சனிக்கிழமை தோறும் பள்ளிக்கூடங்களுக்குப் போய், சாமியார்கள் வெறுங்கையில் தீ வரவழைக்கிற தந்திரத்தைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டி, மூடநம்பிக்கை கூடாது என்று மைக் பிடிக்கிற ஆள் ஆயிற்றே. சுடலைமுத்து அண்ணன் வாதாடவில்லை. “உங்க இஷ்டம் சார். ஆனா மத்ததெல்லாம் பொட்டு வச்சிக்கிட்டு நிக்கையில இது மட்டும் மூளியா நின்னா, அதுக்கு ஒரு மாதிரி இருக்கும்லா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாவி மனுஷன், போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது காதுக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டது. அதற்கு மறு வாரம்தான் முதல் ரிப்பன் செத்தது. பத்து செத்தபோது சிரித்தான். இருபது செத்தபோது சிரிக்கவில்லை. முப்பதுக்கு மேல் அந்த மேஜைக்கு முன்னால் உட்காரும்போது, அது தன்னை முறைக்கிற மாதிரி இருந்தது. சே, இரும்பு முறைக்குமா?

இன்று காலை எட்டரைக்கு, யாரும் வருவதற்கு முன்னால், அலமாரியைத் திறந்து மிச்சமிருந்த சந்தன வில்லையை எடுத்தான். மூடநம்பிக்கைதான், ஒப்புக்கொள்கிறான். ஆனால் அதைக்கூட ஒரு ஒழுங்கோடு செய்தான். கையுறை மாட்டிக்கொண்டான். ரிப்பன் கழுவ வைத்திருக்கிற அதிசுத்தத் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டுக் குழைத்தான். விரலால் தொடாமல் புதுப் பஞ்சுக் குச்சியால் எடுத்தான். குங்குமம் வைக்கவில்லை, அதன் சிவப்பில் ஏதாவது உலோகம் கலந்திருக்கும் என்று விஞ்ஞானம் தடுத்துவிட்டது. எங்கே வைப்பது என்பதில்தான் கோட்டை விட்டான். மேஜையில் வைத்தால் பேராசிரியர் பார்ப்பார். பின்பக்கம் வைத்தால் வைத்த மாதிரி இருக்காது. ஆகவே ஊசியைத் தாங்குகிற கையில், மேலும் கீழும் நகர்த்துகிற திருகு இருக்கிறதே, அதன் தலையில் கடுகளவு ஒரு பொட்டு. கடுகு என்று நினைத்து வைத்தது மிளகாக விழுந்தது. மிளகில் கொஞ்சம் வழிந்து திருகின் மரைக்குள் போனது. போனால் போகட்டும் என்று ஊசியை இறக்கினான், அளவையைத் தொடங்கினான். அப்போது அது தப்பாகவே தெரியவில்லை. ஒரு திருப்திகூட இருந்தது, வெட்கமாக, ஆனால் இருந்தது.

பிளஸ் இரண்டு வோல்ட். கோடு இறங்கியது. முதலில் நம்பவில்லை. இரண்டரை, மூன்று, மூன்றரை. நெட்டுக்குத்தாக இல்லை, மெல்ல, சரிவாக, பல்லாக்கிலிருந்து இறங்குகிற மாதிரி இறங்கியது. அம்மாடி! இதுதான்! குழாய் மூடுகிறது! ஏழு வருஷம் புத்தகத்தில் மட்டுமே பார்த்த சரிவு! உலகு, அணையுதுடி! என்று உள்ளுக்குள் ஒரு கூச்சல் கிளம்பி வயிறு வரைக்கும் குளிர்ந்தது. குளிர்ந்த அந்த இடத்திலேயே இன்னொரு நினைப்பு எழுந்து நின்றது. நெற்றியில் வைத்த சந்தனம் காய்ந்தால் என்ன செய்யும்? தோலைப் பிடித்து இழுக்கும். திருகுக்குள் வழிந்த சந்தனம் இந்த ஏசியில் காய எவ்வளவு நேரம் ஆகும்? இருபது நிமிஷம். இப்போது எத்தனை நிமிஷம் ஆகியிருக்கிறது? இருபது நிமிஷம். அடப்பாவி. பொட்டின் கனம் ஒரு மில்லிமீட்டர், காயும்போது நூற்றில் ஒரு பங்கு சுருங்கினாலே போதும், ஊசி முனை தூக்கிக்கொள்ளும், ஊசி அமுங்கித் தொடுகிற தூரமே அந்தச் சுருக்கத்தில் கால்வாசிதான். மெல்லத் தூக்கினால் மெல்லத்தானே மின்சாரம் குறையும்? சரிவாகத்தானே இறங்கும்? அப்படியானால் அணைவது ரிப்பன் இல்லை, விலகுவது ஊசி. வெட்டின வெட்டு வேலை செய்யவில்லை, வைத்த பொட்டு வேலை செய்கிறது. எழுந்து பார்க்கலாம் என்றால் நுண்ணோக்கி விளக்கைப் போட வேண்டும், வெளிச்சம் பட்டால் மின்சாரம் மாறும். தொட்டுப் பார்க்கலாம் என்றால் தொட்டதும் செத்துவிடும். ஏன் வைத்தேன்? பின்பக்கமே வைத்திருக்கலாமே. மேஜைக் காலில் வைத்திருக்கலாமே. தீயணைப்பு சிலிண்டருக்கு இரண்டாவது பொட்டாக வைத்துத் தொலைத்திருக்கலாமே. ஏன் வைத்தேன்?

பிளஸ் இருபதில் கோடு அடிமட்டத்துக்குப் போய்ப் படுத்துவிட்டது. கிராஃபீனாக இருந்தால், அடியில் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு மறுபக்கம் ஏற வேண்டும். அதுதான் அதன் குணம். ஊசி விலகியிருந்தால் ஏறாது, ஏற வழியே இல்லை. இறங்கினது ஏறினால் முனைவர், ஏறாவிட்டால் பேட்டரித் தண்ணீர், விஷயம் அவ்வளவுதான். இருபத்து மூன்று. படுத்துக் கிடந்தது. கதவில் இருக்கிற சதுரக் கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. பேராசிரியர் ஞானதுரை, அவனுடைய ஆராய்ச்சி வழிகாட்டி. அளவை நடக்கும்போது கதவைத் திறக்கக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம், ஆகவே வெளியே நின்று புருவத்தால், “என்ன?” என்றார். இவன் தலையை அசைக்காமல் கண்ணால் திரையைக் காட்டினான். அவர் எட்டிப் பார்த்தார், மூக்கு கண்ணாடியில் அப்பியது, வாய் திறந்தது, இரண்டு கட்டை விரலும் மேலே போயின. ஐயோ சார், விரலைக் கீழே போடுங்கள். முகம் மறைந்தது, திரும்பி வந்தபோது பக்கத்தில் சுடலைமுத்து அண்ணன் முகமும் இருந்தது, இரண்டு முகமும் பல்லைக் காட்டின. முப்பது. படுத்தே கிடந்தது. இந்த மனுஷனிடம் என்னவென்று சொல்வது? சார், ரிப்பன் அணையவில்லை, நான் வைத்த பொட்டு காய்ந்துவிட்டது என்றா? பள்ளிக்கூடப் பிள்ளைகள் முகம் வரிசையாக வந்தது. முப்பத்தைந்து. போன மாசம் ஒரு பெண் எழுந்து, “சார், நீங்க பரீட்சைக்குப் போகும்போது சாமி கும்பிட மாட்டீங்களா?” என்று கேட்டது. “படிச்சிருந்தா எதுக்கு கும்பிடணும்?” என்று சொல்லிக் கைதட்டு வாங்கினான். நாற்பது. படுத்தே கிடந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதையும் துடைக்க முடியாது, கையை அசைக்கக் கூடாதே. அது பாட்டுக்கு வழிந்து, மூக்கு நுனி அரிப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது.

நாற்பத்திரண்டரையில் ஒரு புள்ளி கொஞ்சம் மேலே விழுந்தது. இரைச்சலாக இருக்கும் என்று நினைத்தான். அடுத்த புள்ளியும் மேலே. அதற்கடுத்தது இன்னும் மேலே. நாற்பத்தைந்துக்கு வரும்போது சந்தேகமே இல்லை, கோடு ஏறிக்கொண்டிருந்தது. ஏறுகிறது, ஏறுகிறது, என் ராசா ஏறுகிறது! ஊசி விலகவில்லை! மிச்ச நிமிஷங்கள் எப்படிப் போயின என்று அவனுக்குத் தெரியாது. அறுபதில் கடைசிப் புள்ளி விழுந்தபோது, மூக்கைச் சொறிந்தான், இரண்டு கையாலும் சொறிந்தான், அப்படி ஒரு சுகத்தை ஜன்மத்தில் அனுபவித்ததில்லை. சொறிந்துகொண்டிருக்கும்போதே மனசு மறுபடியும் தன் வேலையைக் காட்டியது. நெற்றிச் சந்தனம் காய்ந்தால் முதலில் இழுக்கும், சரி. முழுக்கக் காய்ந்தால்? வெடித்து உதிரும். திருகில் இருக்கிற சந்தனம் வெடித்தால், பிடி விட்டுப்போய் ஊசி மறுபடியும் கீழே இறங்கும். இறங்கினால் தொடும். தொட்டால் கோடு ஏறும். இழுத்தபோது இறங்கி, வெடித்தபோது ஏறியிருந்தால்? சனியன், இந்த மூளையைக் கழற்றி எங்கேயாவது வைக்க இடமிருந்தால் தேவலை.

கதவு திறந்தது. ஞானதுரை சார் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, திரைக்கு முன்னால் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். சுடலைமுத்து அண்ணன் வாசலோடு நின்றுகொண்டார். “எறங்கி ஏறியிருக்கேலே” என்றார் சார். பிறகு மூக்கை உறிஞ்சினார். “என்ன, சந்தன வாடை?” கோமதிநாயகம் வாசலைப் பார்த்தான். வாசலில் நின்றவர், நானில்லை என்று கையை விரித்தார். “நான்தான் சார் வச்சேன்” என்றான். “எங்க?” காட்டினான். சார் குனிந்து பார்த்தார். மிளகு, நடுவில் விரிசல் விட்டு, காய்ந்து நின்றது. அவரும் இருபத்தெட்டு வருஷம் ஊசியோடு மாரடித்தவர், சொல்லாமலே புரிந்துகொண்டார், முகத்தில் இருந்த சிரிப்பு ஓரமாகப் போய் நின்றது. “இழுத்திருக்குமோன்னு பாக்கே.” “ஆமா சார்.” “வெடிச்சு விட்டிருக்குமோன்னும் பாக்கே.” “ஆமா சார்.” அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நான் ஒண்ணு சொல்லுதேன், கேளு. இந்த ஒரு கோட்டை வச்சு நீ தீசிஸ் எழுதலாம். நான் கையெழுத்துப் போடுதேன். இதைப் பாத்து எவனும் சந்தனம் எங்கேன்னு கேக்கப் போறதில்ல. அளவைக்கு முன் சந்தனம் இடப்பட்டதுன்னு எந்தக் கட்டுரையிலயும் எழுத இடமும் கிடையாது.” திரும்பி ஊசியைப் பார்த்தார். “இல்ல, ஊசியைத் தூக்கி, தொடைச்சு, மறுபடி எறக்கி, இன்னொரு தடவை ஓட்டலாம். எறக்கையில செத்தாலும் செத்துப்போகும். ரெண்டும் உன் கையில.”

கோமதிநாயகத்துக்கு அப்போது வந்தது பயம், வேறு பேரே கிடையாது அதற்கு. வேண்டாம், இந்தக் கோடு போதும், வீட்டுக்குப் போய் உலகுவிடம் அணைஞ்சுது என்று சொல்லு, அவள் முகத்தைப் பாரு, இத்தனை வருஷமாக அந்த முகத்துக்கு நீ கொடுத்தது என்ன? எல்லாம் சரிதான். ஆனால் நாளைக்கு ராத்திரி, அதற்கு மறுநாள் ராத்திரி, பத்து வருஷம் கழித்து எவனாவது ‘டாக்டர் சார்’ என்று கூப்பிடும்போது, இந்த மிளகு நடுநெற்றியில் வந்து உட்கார்ந்துகொள்ளுமே. அது ரிப்பனா, சந்தனமா என்று தெரியாமலே சாக வேண்டியிருக்குமே. “சாராயம் எங்கண்ணே?” என்றான். அவர்கள் துடைக்கிற ஆல்கஹாலுக்கு அந்த லேபில் அதுதான் பேர். சுடலைமுத்து அண்ணன் பாட்டிலை நீட்டினார். ஊசியைத் தூக்கினான். பஞ்சுக் குச்சியை நனைத்துத் திருகைத் துடைத்தான், மரைக்குள் ஒரு நூலை விட்டு இழுத்துத் துடைத்தான், குச்சியில் மஞ்சளாக வந்தது, வெள்ளையாக வரும் வரைக்கும் துடைத்தான். மணிக்கட்டுப் பட்டையை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டான். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து ஊசியை இறக்கினான். தொட்டது. மீட்டரில் மின்சாரம் தெரிந்தது, சாகவில்லை. விளக்கை அணைத்துவிட்டு அளவையைத் தொடங்கினான். சார் எழுந்து வெளியே போகப் பார்த்தார். “இருங்க சார், அசையாம இருந்தாப் போதும்” என்றான். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில், நாற்பது நிமிஷம், மூச்சைத் தவணை முறையில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோடு இரண்டு வோல்ட்டில் இறங்க ஆரம்பித்தது. இருபதில் படுத்தது. நாற்பத்து மூன்றில் எழுந்தது. முன்னதற்கும் இதற்கும் அரை வோல்ட்தான் வித்தியாசம்.

கடைசிப் புள்ளி விழுந்ததும் சார் நெட்டி முறித்தார், நாலைந்து இடத்தில் சொடக்கு கேட்டது. “அப்ப பொட்டுக்கும் இது பொழைச்சதுக்கும் சம்பந்தம் இல்ல” என்றார். “இல்ல சார்.” “அப்படின்னா பொட்டு வைக்காததுக்கும் அந்த நாப்பத்தேழு செத்ததுக்கும் சம்பந்தம் இல்ல.” கோமதிநாயகம் யோசித்தான். ஈரக்காற்று, ஏசி, லாரி, சட்டை எல்லாம் வாய் வரைக்கும் வந்து, வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்விட்டன. “இல்ல சார்.” “பிறகு அதுகளைக் கொன்னது யாருலே?” “நான்தான் சார்” என்றான், சொல்லும்போதே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வாசலில் சுடலைமுத்து அண்ணனும் சிரித்தார். சார் மட்டும் சிரிக்கவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அப்ப இதைப் பொழைக்க வச்சது?” என்று கேட்டார். கோமதிநாயகம் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றிக்கொண்டே இருந்தான், அதன் கொக்கி கையில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. “அதுவும் நான்தான் சார்” என்றான்.